எத்தனையாம் பிள்ளை?

ஒவ்வொரு மார்கழியும் என்னிடம் பதினொரு பெயர்களும் ஒரு படிவமும் வந்துசேரும். பெயருக்கு நேரே ஒன்றிலிருந்து ஐந்துவரை இலக்கங்கள். ஒன்று போட்டால் அந்த ஆளுடைய வேலைக்கே ஆபத்து. ஐந்து போட்டால் நான் மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் எழுதவேண்டும். ஆகவே கையில் உண்மையாக இருப்பது இரண்டு, மூன்று, நான்கு. பதினொரு பேருடைய ஒரு வருட உழைப்பை இந்த மூன்று இலக்கங்களுக்குள் இறக்கிவைத்துவிட்டு நான் நத்தார் விடுமுறைக்குப் போகலாம். அவர்களுடைய அடுத்த வருடச் சம்பள உயர்வும் பதவி உயர்வும் அந்த இலக்கத்தில் தொங்கும். ஆட்குறைப்பு என்று வந்தால் யார் பெயர் முதலில் என்பதும் அதில்தான்.

நான் வேலை செய்வது காப்புறுதிக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் ஒரு அலுவலகத்தில். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. படிவத்தின் நிறம் மாறுமே தவிர விஷயம் எங்கும் இதுதான். பதினொருவரில் ஏழு பேர் 2020 பங்குனியில் வீட்டுக்குப் போனவர்கள். பிறகு திரும்பி வரவில்லை, வரச்சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

என்னை மனேஜராக்கிய வருடம் அரைநாள் பயிற்சி தந்தார்கள். செயலாற்றுகை மதிப்பீட்டை எப்படி நடத்துவது என்பது தலைப்பு. நல்லதை முதலில் சொல், குறையை நடுவில் வை, நல்லதோடு முடி. 'எப்போதும்', 'ஒருபோதும்' என்ற சொற்களைத் தவிர். வருத்தம், பிள்ளைப்பேறு, வயது பற்றி வாய் திறக்காதே, வழக்கு வரும். கடைசி இரண்டு மாதத்தை மட்டும் நினைவில் வைத்து எழுதாதே. ரிஷூப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றால் இரண்டு பக்கமும் கமரா இருக்கட்டும், இணைப்பு அறுந்தால் தொலைபேசியில் தொடரலாம். எல்லாம் பயனுள்ள புத்திமதிதான், ஒன்றையும் நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்த நான்கு மணித்தியாலத்தில் ஒரு கேள்வி மட்டும் எழவில்லை: இந்த மனிதரைப் பற்றி நீ சொல்லப்போவது உனக்கு எப்படித் தெரியும்?

தீர்ப்பை எப்படி வாசிப்பது என்று பழக்கினார்கள். வழக்கை யார் கேட்டது என்று யாரும் விசாரிக்கவில்லை.

பதினொருவரில் ஒருவர் தமிழ்ப் பெண்மணி, என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். திரையில் அவர் ஒரு ஊதா வட்டம், அதற்குள் இரண்டு ஆங்கில எழுத்துகள். கமரா போடமாட்டார். கூட்டத்தில் கேட்டால் மட்டும் பதில் வரும், அதுவும் சுருக்கமாக. வாரத்துக்கு அவர் முடித்த கோப்புகளின் எண்ணிக்கை மற்றவர்களுடையதைவிடச் சற்றுக் குறைவு. முதல் வருடம் நான் அவருக்கு மூன்று போட்டேன். எதிர்பார்ப்பை நிறைவு செய்கிறார் என்று பொருள். குறிப்பு எழுதும் பெட்டியில் முன்னைய மனேஜர் எழுதியிருந்த மூன்று வரியைச் சொல் மாற்றி இட்டேன். மதிப்பீட்டு உரையாடல் பதினான்கு நிமிடத்தில் முடிந்தது. நன்றி சொன்னார். எனக்கு நிம்மதி.

அடுத்த தை மாதம், மார்க்கம் வீதியும் எல்ஸ்மியரும் சந்திக்கிற மூலையில், 102 ஆம் இலக்க பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். வோபர்னில் வருடக்கணக்காக இருக்கிறேன். அந்த மூலையில் பனிக்காலத்தில் நின்றவர்களுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். தொப்பியும் சால்வையுமாக ஒரு பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, நீங்கள்தானே…" என்று அலுவலகத்தில் எனக்குள்ள சுருக்கப் பெயரைச் சொன்னார். குரலைக் கேட்டதும் எனக்கு விளங்கியது. அவர் என் முகத்தை நான்கு வருடமாக வாரம் இரண்டு தடவை பார்த்திருக்கிறார். நான் அவருடையதை அன்றுதான் பார்க்கிறேன். எங்கள் தொடர்மாடிக்கு அடுத்த கட்டடத்தில் ஒன்பதாம் மாடி.

வேலைத்தலத்தில் நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில், முதற்பெயர் சொல்லிப் பேசுவோம். பஸ் தரிப்பில் ஒரு நொடியில் அவர் அக்காவாகவும் நான் தம்பியாகவும் ஆகிவிட்டோம். அந்த ஒழுங்கில் இலக்கம் போடும் உரிமை என்னுடையதில்லை. செடர்பிரே நூலகத்துக்குப் போகிறாராம். பிள்ளைகள், குளிர், வாடகை என்று கொஞ்சம் கதைத்தோம். பஸ் வரும்போது சொன்னார்: "மூண்டு போட்டிருந்தீங்கள். அது பரவாயில்லைத் தம்பி. என்னத்தைக் கண்டு போட்டனீங்கள் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். லோரன்ஸ் வரும்வரை பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தும் எனக்குப் பதில் வரவில்லை.

என்னத்தைக் கண்டேன்? ஒரு வட்டத்தைக் கண்டேன். ஒரு எண்ணிக்கையைக் கண்டேன். இரண்டு மாதம் கழித்து, வேலையை விட்டுப்போன ஒரு இளம் பையன் விடைபெறும்போது, அந்த அக்கா இல்லாவிட்டால் முதல் மாதமே ஓடியிருப்பேன் என்றான். அதற்குப் பிறகுதான் தேடிப்பார்த்தேன். நிலவறைக்குள் வெள்ளம் புகுந்த வீடுகள், இரண்டு காப்புறுதிகள் ஒன்றையொன்று கைகாட்டும் விபத்துகள் என்று எவருக்கும் பிடிகொடுக்காத கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரிடம் போயிருக்கின்றன. நான் அனுப்பவில்லை, மற்றவர்கள் மெல்லத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அவை ஒரு வாரத்தில் முடிகிற சாதி இல்லை. இதைவிடத் தினமும் மூன்று நான்கு பேர் அவரைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். அந்த நிமிடங்களுக்கு எந்த நிரலிலும் இடமில்லை. அவர் உதவி செய்ததால் மற்றவர்களின் எண்ணிக்கை கூடியது, அவருடையது குறைந்தது. நான் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறேன்.

இதை எழுதுவது பாவமன்னிப்புக்காக இல்லை. இன்னொருவருடைய உழைப்புக்குத் தரம் சொல்ல ஒரு மனிதனுக்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. எங்கள் சனத்துக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாக உறைக்கவேண்டும் என்றும் நினைக்கிறேன்.

நாங்கள் இலக்கத்துக்குள் பிறந்து வளர்ந்தவர்கள். ஊரில் றிப்போட் கொடுத்த அன்று ஒழுங்கையில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: எத்தினையாம் பிள்ளை? என்ன படித்தாய் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எண்பத்தைந்து புள்ளி எடுத்தும் ஆறாம் பிள்ளை என்றால் வீட்டில் பூசை. கனடாவுக்கு வந்தும் அது விடவில்லை. ஒன்ராறியோ உயர்பள்ளி அறிக்கையில் எத்தனையாம் பிள்ளை என்று போடுவதில்லை. ஆனால் பிள்ளையின் புள்ளிக்குப் பக்கத்தில் அந்தப் பாடத்தின் இடைநிலைப் புள்ளி இருக்கும். எங்கள் பெற்றோரின் கண் முதலில் போவது அங்கேதான்.

ஜெனரல் இலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் நடைமுறைப்படுத்திய முறையைப் பற்றி முதன்முதலில் வாசித்தபோது எனக்குப் புதுமையாக எதுவும் தோன்றவில்லை. மேலே நூற்றுக்கு 20 பேர், நடுவில் 70, கீழே 10. கீழே இருப்பவர் வெளியே. இதை எங்கள் வகுப்பறையில் ஏற்கெனவே பார்த்திருந்தோம். மைக்ரோசொப்ட் இந்த வரிசைப்படுத்தலை 2013 கார்த்திகையில் கைவிட்டது. கூட இருப்பவனுக்கு உதவினால் நான் ஒரு இடம் இறங்குவேன் என்ற பயத்தில் ஆட்கள் ஒருவருக்கொருவர் உதவாமல் போனார்கள் என்பது அதன்மேல் சொல்லப்பட்ட பெரிய குறை. அந்த அக்கா அங்கே வேலை செய்திருந்தால் முதல் வருடமே வெளியே போயிருப்பார்.

இதற்கு நாங்கள் பாவிக்கிற தமிழ்ச் சொல் தரப்படுத்தல். இந்தச் சொல்லை எந்த இலங்கைத் தமிழரும் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு முதலில் மொழிவாரியாகவும் பிறகு மாவட்டவாரியாகவும் புள்ளிகளுக்குச் செய்ததற்குப் பெயர் அது. ஒருவன் எழுதிப் பெற்ற புள்ளி, அவன் இல்லாத ஒரு அறையில், அவனுக்குத் தெரியாத ஒரு கணக்கின்படி வேறொன்றாக மாறியது. அந்தக் கோபத்தில் ஒரு தலைமுறையே திசை மாறியது. ஆனால் நேர்மையாக இருப்பதென்றால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது மன்னார், வவுனியா போன்ற இடங்களிலிருந்து, யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலைகளோடு போட்டி போடவே முடியாதிருந்த தமிழ்ப் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். யாழ்ப்பாணத்துப் புள்ளி அவ்வளவு சுத்தமான அளவா என்ற கேள்வியை நாங்கள் அவ்வளவாகக் கேட்டுக்கொண்டதில்லை. ஆய்வுகூடம், ரியூசன், படித்த தாய்தகப்பன் எல்லாம் அந்தப் புள்ளிக்குள் இருந்தன. அவை எதுவும் திறமை என்ற தலைப்பின்கீழ் வந்திருக்கக்கூடாதவை.

சுத்தமான அளவு என்று ஒன்றைத் தேடுபவர்கள் மலையகத்துக்குப் போகவேண்டும். தேயிலைத் தோட்டத்தில் உழைப்புக்குத் தராசே இருக்கிறது. கிலோ கிலோதான், அதில் மனேஜருடைய விருப்புவெறுப்பு எங்கே வரப்போகிறது? ஆனால் நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் விதித்ததை எட்டாவிட்டால் அரைப் பேர். அதாவது முழுநாள் மலையில் நின்றவளுக்குப் பாதிநாள் சம்பளம். நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோக்கள் கழியும். அந்தக் கழிவு நியாயமா என்பதில் தொழிலாளருக்கும் தோட்டத்துக்கும் இடையிலான வழக்கு இன்றும் தீரவில்லை. மலை எவ்வளவு செங்குத்து, செடி எத்தனை வருடக் கிழம், அன்றைக்கு மழையா வெயிலா என்பதைத் தராசு அறியாது. தராசில் பொய் இல்லை. எதை அதில் ஏற்றுவது, எதைக் கழிப்பது என்று முடிவெடுத்த ஆளைத் தராசு மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த ஆளுக்குப் பெயர் கங்காணி. கண்காணி என்ற சொல் மருவியது. ஆங்கிலமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கண்ணால் காண்பவன் என்பது எவ்வளவு நல்ல பெயர்! உண்மையில் அவன் கண்டது கூட்டத்தில் யார் பின்தங்குகிறாள் என்பதை மட்டுமே. அதே சொல்லிலிருந்து வந்த கண்காணிப்பு என்பதைத்தான் இன்று கணினி வழியாக ஆளை வேவு பார்ப்பதற்கும் பாவிக்கிறோம்.

தூரத்திலிருந்து வேலை செய்பவர்களின் மனேஜர்களுக்கு இந்தக் கங்காணி வேலை வெகு சுலபமாகிவிட்டது. பச்சைப் புள்ளி எரிகிறதா, மௌஸ் அசைகிறதா, விசைப்பலகையில் எத்தனை தட்டு என்று எல்லாம் கிடைக்கும். ஒன்ராறியோவில் 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள வேலைகொள்வோர், மின்னணு முறையில் கண்காணிக்கிறார்களா, எப்படி, எதற்காக என்று எழுத்தில் கொள்கை வைத்திருக்கவேண்டும் என்ற விதி 2022 ஒக்ரோபர் 11 முதல் இருக்கிறது. பலரும் இதைக் கண்காணிப்புக்கு எதிரான சட்டம் என்று நினைக்கிறார்கள். அது எதையும் தடைசெய்யவில்லை. பார்ப்பேன் என்று முதலில் சொல்லிவிட்டுப் பார் என்கிறது, அவ்வளவே. அப்படிச் சேர்ந்த தகவலை மதிப்பீட்டில் பாவிப்பதையும் அது மறிக்கவில்லை.

அப்படியானால் கண்ணுக்கு முன்னால் இருப்பவரை நியாயமாக மதிப்பிடுகிறோமா? அதுவும் இல்லை. சீனாவில் சீட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் ஷங்காய் அழைப்பு நிலையத்தில் 2010இல் தொடங்கிய ஒரு பரிசோதனை இருக்கிறது. முடிவு 2015இல் வெளியானது. நிக்கலஸ் புளூம் என்ற பொருளியலாளரும் கூட்டாளிகளும் எழுதியது. வீட்டிலிருந்து வேலை செய்ய முன்வந்தவர்களில், இரட்டை எண்ணில் பிறந்தநாள் உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஒற்றை எண்காரரை அலுவலகத்திலேயே வைத்திருந்தார்கள். ஒன்பது மாதம். வீட்டில் இருந்தவர்களின் செயற்றிறன் 13 சதவீதம் கூடியது. எல்லாரும் மேற்கோள் காட்டுவது இந்த இலக்கத்தைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது மற்றது. ஒரேயளவு திறமை காட்டியவர்களை ஒப்பிட்டால், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. கூட வேலை செய்தும் கண்ணில் படாததால் பின்தங்கினார்கள். (இன்னொரு விஷயமும் உண்டு. அந்தப் பரிசோதனையில் சேர வீட்டில் தனி அறை இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த கட்டடத்து ஒன்பதாம் மாடியில் ஒரு படுக்கையறைதான். அக்கா குசினி மேசையில் வேலை செய்கிறார், பின்னால் மகனுடைய மெத்தை. கமரா ஏன் நிறுத்தியே இருந்தது என்று பிறகு விளங்கியது.)

அதே நிறுவனத்தில் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டில் இருக்கவிட்டு 1,612 பேரோடு செய்த பிந்திய ஆய்வு 2024இல் வந்தது. அதில் மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ வேறுபாடு இல்லை. மூன்று நாள் முகம் தெரிந்தால் போதும் போலிருக்கிறது. இது நல்ல செய்தியா என்று எனக்குச் சந்தேகம். எங்கள் நீதியுணர்வுக்கு முகம் ஒன்று தேவைப்படுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

ஆக எண்ணும் மறைக்கிறது, கண்ணும் ஏமாற்றுகிறது. மதிப்பிடுபவரைத் தயார்படுத்துவது என்றால் இந்த இடத்தில் ஏதாவது செய்யவேண்டும்.

இதை ஆராய்ந்தவர்கள் நூறு வருடமாக இருக்கிறார்கள். 1920இல் எட்வர்ட் தோண்டைக் இராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் போட்ட புள்ளிகளைப் பார்த்தார். உடல்வாகு, புத்தி, தலைமைத்துவம், குணம் என்று தனித்தனியாகக் கேட்டிருந்தும், ஒன்றில் நல்ல புள்ளி பெற்றவன் எல்லாவற்றிலும் நல்ல புள்ளி பெற்றிருந்தான். ஒரு நல்லெண்ணம் எல்லா நிரலுக்கும் வழிந்து ஓடியிருந்தது. 2000இல் 4,492 முகாமையாளர்கள் பெற்ற மதிப்பீடுகளை ஆராய்ந்தவர்கள் இன்னும் சங்கடமான முடிவுக்கு வந்தார்கள். புள்ளிகளுக்கிடையிலான வேறுபாட்டில் பாதிக்கு மேற்பட்டது மதிப்பிட்டவருடைய தனிப்போக்கு. மதிப்பிடப்பட்டவருடைய திறமைக்கு உரியது அதைவிட வெகு குறைவு. நான் போட்ட மூன்று, அந்த அக்காவைவிட என்னைப் பற்றித்தான் கூடுதலாகச் சொன்னது.

பழைய பயிற்சிகள் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தன: இப்படி இப்படிப் பிழை விடாதே, தாராளமாகப் போடாதே, எல்லா நிரலிலும் ஒரே புள்ளி போடாதே. சோதித்துப் பார்த்தபோது, அப்படிப் பயின்றவர்கள் தாராளத்தைக் குறைத்தார்கள், புள்ளிகளைப் பரப்பிப் போட்டார்கள், ஆனால் சரியாகப் போடவில்லை. ஒரு வளைவை நிமிர்த்தி வேறு பக்கம் வளைத்ததுதான் மிச்சம். 1980களில் இருந்து கூடுதல் பலன் தருவதாகக் கண்ட முறை வேறு. பயிற்சியாளர் ஒரே வேலையின் சில மாதிரிகளை எல்லாருக்கும் கொடுப்பார். ஒவ்வொருவரும் தனியே புள்ளி போடவேண்டும். பிறகு ஏன் அந்தப் புள்ளி என்று மற்றவர்களுக்கு முன்னால் சொல்லவேண்டும். நல்ல வேலை என்றால் என்ன என்பதில் ஒரு பொதுவான பார்வை வரும்வரை இது நடக்கும்.

கேட்க மிகச் சாதாரணமாக இருக்கிறது. போன வருடம் நானும் வேறு ஐந்து மனேஜர்களும் பெயர்களை மறைத்து மூன்று கோப்புகளை எடுத்து இதைச் செய்துபார்த்தோம். ஒரே கோப்புக்கு ஒருவர் இரண்டு போட்டார், ஒருவர் ஐந்து. இரண்டு போட்டவருக்கு வேகம் முக்கியம். ஐந்து போட்டவர், கோரிக்கையாளர் அழுதுகொண்டு எடுத்த அழைப்புக்கு அந்த ஊழியர் எழுதிவைத்திருந்த குறிப்பைப் பார்த்திருந்தார். அந்தக் குறிப்பு மற்ற நால்வரின் கண்ணிலும் படவே இல்லை, என் கண்ணிலும். வீட்டுக்காரரா அலுவலகக்காரரா என்று தெரியாததால் எல்லாரும் வேலையைத்தான் பார்க்கவேண்டியிருந்தது. ஒன்றரை மணித்தியாலம் சண்டை பிடித்தோம். நான் போன பயிற்சிகளில் ஏதாவது மனதில் தங்கியது என்றால் அதுதான்.

ஆனால் முறை எவ்வளவு நல்லதென்றாலும் பார்க்க விரும்பாதவனைப் பார்க்கவைக்காது. ஐரிஸ் மர்டொக் 1970இல் வெளியான 'த சொவரின்டி ஒஃப் குட்' என்ற நூலில் ஒரு மாமியாரையும் மருமகளையும் பற்றிச் சொல்கிறார். எங்கள் நாடகங்களில் வருகிற மாமியார் இல்லை இவர், மிகவும் நாகரிகமானவர். மருமகள் பண்பற்றவள், சின்னப்பிள்ளைத்தனமானவள், மகன் தன் தகுதிக்குக் கீழே கட்டிவிட்டான் என்று மனதுக்குள் நினைக்கிறார். வெளியில் ஒரு குறையும் காட்டுவதில்லை. காலம் போகிறது. அந்த மாமியார் தனக்குள் சொல்கிறார்: நான் பழையபாணி ஆள், எனக்குப் பொறாமை இருக்கலாம், இன்னொரு தடவை பார்க்கிறேன். மெல்ல மெல்ல, பண்பற்றது என்று பட்டது சூதுவாதின்மையாகத் தெரிகிறது, சின்னப்பிள்ளைத்தனம் என்று பட்டது உற்சாகமாகத் தெரிகிறது. வெளியில் எந்த மாற்றமும் இல்லை. முன்பும் அன்பாகத்தான் நடத்தினார், இப்போதும் அப்படித்தான். இருந்தும் அவர் ஒரு அறச்செயல் செய்திருக்கிறார் என்பது மர்டொக்கின் வாதம். நியாயமாகப் பார்ப்பதே ஒரு செயல், அதற்கு உழைப்பு வேண்டும். கவனம் என்ற இந்தக் கருத்தைத் தான் சிமோன் வேயிடமிருந்து பெற்றதாகவும் சொல்கிறார்.

இதில் ஒரு சின்ன விவரம் என்னைத் திகைக்கவைத்தது. மாற்றம் முழுக்க மாமியாரின் மனதுக்குள்தான் நடக்கிறது என்று காட்டுவதற்காக மர்டொக், அந்த இளம் தம்பதி வெளிநாடு போய்விட்டதாகவோ மருமகள் இறந்துவிட்டதாகவோ வைத்துக்கொள்ளச் சொல்கிறார். மருமகள் புலம்பெயர்ந்துவிட்டாள். கண்முன்னால் இல்லை. அந்தத் தூரத்திலிருந்துதான் மாமியார் அவளைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார். முகம் தெரியாததை நான் என் பிழைக்குச் சாட்டாக வைத்திருந்தேன். அந்தச் சாட்டு அங்கே எடுபடாது.

அப்படிப் பார்த்ததில் மாமியார் தன்னைத்தானே ஏமாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். மர்டொக்கும் அந்தச் சந்தேகத்தை மறைக்கவில்லை. பஸ் தரிப்பில் முகத்தைக் கண்டு, அக்கா என்று அழைத்த பிறகு எனக்கு அவருடைய கோப்புகள் திடீரென்று சிறப்பாகத் தெரிந்தன என்றால், அது கவனமா, ஊர்ப்பற்றா? எங்கள் ஆள் என்பதற்காக நான் தோண்டிப் பார்த்தேனா? மற்ற ஆறு வட்டங்களையும் அப்படித் தோண்டினேனா? உண்மையைச் சொன்னால், முதலில் இல்லை. அந்தக் கேள்வி உறுத்திய பிறகுதான் மற்றவர்களுடையதையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு பேர் விஷயத்தில் நான் போட்டது சரி. ஒருவருக்குக் கூடப் போட்டிருந்தேன்.

இந்தப் புள்ளி போடுவதையே ஒழித்துவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள், சாதாரண ஆட்கள் இல்லை. ஜப்பானிய உற்பத்தித் துறைக்குத் தரம் பற்றிக் கற்பித்த எட்வர்ட்ஸ் டெமிங், வருடாந்த மதிப்பீட்டை முகாமைத்துவத்தின் கொடிய நோய்களில் ஒன்றாகச் சேர்த்தார். அடோபி 2012இல் வருடாந்தப் படிவத்தைத் தூக்கியெறிந்துவிட்டு, அடிக்கடி பேசிக்கொள்ளும் முறைக்கு மாறியது. நானும் ஒருகாலம் இந்தக் கட்சிதான். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. படிவம் போனாலும் யாருக்கு எவ்வளவு சம்பளம் கூட்டுவது என்ற முடிவு போகாது. அது மதியச் சாப்பாட்டு மேசைக்கும் நடைபாதைக்கும் போகும். அங்கே வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இடமே இல்லை. என்னத்தைக் கண்டு போட்டாய் என்று அக்கா என்னிடம் கேட்க முடிந்தது, மூன்று என்று ஒன்று எழுத்தில் இருந்ததால்.

தமிழில் இந்த விஷயத்தை நேராக எடுத்துக்கொண்டவர் வள்ளுவர். தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள், 51ம் 52ம். அரசனுக்குச் சொன்னவைதான், எல்லாவற்றையும் இன்றைய அலுவலகத்துக்கு இழுத்துவர நான் விரும்பவில்லை. குடிப்பிறப்பைப் பார் என்பதும் அங்கே இருக்கிறது. ஆனால் என்னை நிறுத்தியது வேறொன்று. ஆராயாமல் ஒருவனை நம்பினால் துன்பம் நம்பியவனுடைய வழிமுறைக்கே போகும் என்கிறார். பிழையான மதிப்பீட்டின் விலையை மதிப்பிட்டவன் கணக்கில் எழுதுகிறார். எங்கள் படிவத்தில் என் கையொப்பத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. நான் பிழை விட்டால் எனக்கு என்ன நடக்கும் என்பதற்குக் கோடு இல்லை.

அந்த மூன்றை மாற்ற முயன்றேன். வருடக் கணக்கு முடிந்துவிட்டது, திறக்க முடியாது என்றார்கள். இப்போது மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரோடும் அரை மணித்தியாலம் பேசுகிறேன், கமரா இல்லாமல். என்னுடையதையும் நிறுத்திவிடுகிறேன். இந்த மாதம் எனக்குத் தெரிந்திருக்க வழியில்லாத எந்த வேலையைச் செய்தீர்கள் என்று கேட்பேன். முதல் மாதங்களில் எல்லாரும் பயந்தார்கள். இதுவும் ஒரு வேவு என்று நினைத்தார்கள். அது முழுக்கப் பிழை என்றும் சொல்லமாட்டேன். அக்கா முதல் தடவை, அப்படி ஒன்றும் இல்லை என்றார். நான்காவது தடவை நாற்பது நிமிடம் பேசினார்.

இந்த மார்கழி அவருக்கு நான்கு போட்டேன். புள்ளிகளைச் சமன்படுத்தும் கூட்டத்தில், உங்கள் பதினொருவரில் மூன்று நான்குதான் தாங்கும், நீங்கள் நான்கு பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார்கள். யாராவது இறங்கவேண்டும். இறங்கியவர் விற்பியிலிருந்து தினமும் கார் ஓடி வருபவர், எல்லாருக்கும் முன்னால் வந்து லைற் போடுபவர். வருடாவருடம் நான்கு வாங்கியவர். எனக்கு அவரை நன்றாகப் பிடிக்கும். அவருடைய கோப்புகளை மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். வேலை சரியான வேலை, ஆனால் சுலபமான கோப்புகள். முன்னைய நான்குகளை அவருடைய வேலைக்குக் கொடுத்தேனா, எதிர்க் கதிரையில் இருந்ததற்குக் கொடுத்தேனா என்று என்னால் இன்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த மூன்றும், ஒரு கோட்டா நிரப்புவதற்கு நான் தேடிக் கண்டுபிடித்த காரணமாக இருக்கலாம்.

புதன்கிழமை பத்து மணிக்கு அவருடன் உரையாடல். நேரில் வரச்சொல்லியிருக்கிறேன். அவருடைய பன்னிரண்டு கோப்புகளைப் பற்றி மூன்று பக்கம் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். என்னத்தைக் கண்டு போட்டாய் என்று அவரும் கேட்கக்கூடும். சமன்படுத்தும் கூட்டத்தைப் பற்றி அவரிடம் சொல்லக்கூடாது என்பது விதி. சொல்வதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.